முடிவை எழுதாத கதை

கோட்டுச்சேரியிலிருந்து என் தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை.

"அண்ணே, தம்பி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக்கிட்டு ஏதோ கேஸ் படிக்கிறான். காலேஜிலே குடுத்த கேஸாம். அதைப் படிச்சதிலேருந்து என் வளையலையே பார்த்துக்கிட்டிருக்கான். ஒரு நடை வந்துட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் கேஸ் என்றால் கோர்ட்டு, இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷன், அதுவும் இல்லையென்றால் ஆஸ்பத்திரி. மூன்றில் எதுவானாலும் போகாமல் இருக்க முடியாது. மறுநாள் காலை காரைக்காலில் இறங்கி, தரங்கம்பாடிச் சாலையில் பஸ் மாறி, கோட்டுச்சேரி போய்ச் சேர்ந்தேன்.

தங்கை பிள்ளை எம்.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறான். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. தொழில்முனைவும் புத்தாக்கமும் என்று ஒரு பாடத்தை அவனாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பாடத்துக்குக் கொடுத்ததுதான் கேஸ். இங்கிலீஷில் சுமார் இருபது பக்கம். கடைசியில் அட்டவணைகள். "படிச்சுப் பாருங்க மாமா. நம்ம மதுரைக் கதைதான்" என்று என் கையில் கொடுத்தான்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு சரி. வியாபாரப் படிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கதை என்று ஒருவன் நீட்டினால் அதைப் படித்து, நல்லது கெட்டது சொல்லத் தெரியும். இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? திண்ணையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கேஸ் என்ற பெயர் உண்மையிலேயே கோர்ட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870-ல் பழைய வழக்குகளை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். 1908-ல் அங்கேயே வியாபாரப் பள்ளி வந்தபோது, அந்தப் பழக்கத்தை இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வியாபாரத்தில் தீர்ப்பு எழுதுகிற நீதிபதி யார்? ஆகவே தாங்களே எழுத வேண்டியதாயிற்று. 1921-ல் ஒரு செருப்புக் கம்பெனியைப் பற்றி முதல் கேஸ் எழுதப்பட்டது. புதுத் தொழில் தொடங்குவதற்கென்றே தனிப் பாடம் 1947-ல் வந்தது. மைல்ஸ் மேஸ் என்ற ஆசிரியர் நடத்தினார். யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்கள் நிறைந்த காலம்; 188 பேர் சேர்ந்தார்கள். 1961-ல் ஆமதாபாத்தில் நிர்வாகக் கழகம் ஏற்பட்டபோது ஹார்வர்டு துணை நின்றது. கேஸும் கூடவே கப்பலேறி வந்தது.

கேஸின் இலக்கணம் எளிது. ஒரு மனிதர், ஒரு தொழில், ஒரு சங்கடம். எல்லா விவரத்தையும் சொல்லிவிட்டு, அவர் என்ன முடிவு செய்தார் என்பதற்கு ஓரடி முன்னால் கதை நின்றுவிடும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் ஒரு பையனை எழுப்பி, 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்பார். இந்த உத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். சிறுகதைக்காரர்கள் நாங்களும் இதே வேலையைச் செய்கிறோம். வாசகர் திட்டினால் 'கலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். சூத்திரங்களை உருப்போடுவதைவிட, இன்னொருவர் சங்கடத்துக்குள் ஓர் இரவு குடியிருந்து பார்ப்பது நல்ல படிப்புதான்.

என் கையில் இருந்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி வி. கஸ்தூரி ரங்கன் எழுதி, 1993-ல் ஹார்வர்டு வெளியிட்டது. உலகெங்கும் வியாபாரக் கல்லூரிகளில் பெயர் பெற்றது. டாக்டர் வெங்கடசாமி அரசு உத்தியோகத்திலிருந்து 1976-ல் 58 வயதில் ஓய்வு பெற்று, பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தவர். பணம் கொடுக்கக்கூடியவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது என்ற கணக்கு, நஷ்டமில்லாமல் நடந்தது. அமெரிக்காவில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ரொட்டி விற்கிற மக்டொனால்டு கடையைப் பார்த்து, கண்ணையும் இப்படி முறைப்படுத்திச் செய்யலாமே என்று நினைத்தாராம். கற்பனை என்றால் இது கற்பனை. நான் மக்டொனால்டு கடையைப் பார்த்தால் அங்கே அசைவம் இல்லாமல் என்ன கிடைக்கும் என்றுதான் யோசிப்பேன்.

கேஸின் ஆரம்பம் பிரமாதம். எழுதுகிறவர் சொன்ன நேரத்துக்கு முன்பே காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, வெளிநோயாளிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாவலாசிரியன் பொறாமைப்படக்கூடிய தொடக்கம். நடுவிலும் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஆபரேஷன் இலவசம் என்று முகாமில் சொல்லியும் பலர் வரவில்லை. ஏன் என்று போய் விசாரித்தால், பஸ் சத்தம் இல்லை, தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு இல்லை, பயம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிறகு போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தார்கள். புத்தாக்கம் என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குப் பிடித்த அர்த்தம் அந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது. புதுக் கருவி எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. வராதவர் வீட்டு வாசலுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

இனி என் குறை.

மதுரையில் செய்ததை மற்ற இடங்களுக்கும் எப்படிப் பரப்புவது என்ற கேள்வியில் கேஸ் நிற்கிறது. படிக்கிற பையனுக்கு விடை தெரியாதா? கோயம்புத்தூரில் 1997-லும், புதுச்சேரியில் 2003-லும் அரவிந்த் வந்தாயிற்று. என் தங்கையின் மாமியாருக்குப் புரை எடுத்ததே புதுச்சேரி அரவிந்தில்தான். முடிவை எழுதாத கதை என்கிறார்கள். முடிவு வாசலிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது. வென்ற பிறகுதான் ஒருவரைத் தேடிப் போய்ப் பெரும்பாலும் எழுதுகிறார்கள். தோற்றவர்களைப் பற்றிக் கேஸே இல்லை என்று சொல்லமாட்டேன். உண்டு, ஆனால் குறைவு. அதனால் படிக்கிறவன் கண்ணுக்குத் துணிச்சல் எல்லாம் பலித்த துணிச்சலாகவே தெரிகிறது.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. டாக்டர் தம் வீட்டை அடகு வைத்துப் பணம் திரட்டினார் என்ற செய்தி கேஸில் வருகிறது. வந்த வேகத்திலேயே போய்விடுகிறது. குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின என்பது பிறகு பலரும் சொன்ன செய்தி. அவருடைய தங்கை நாச்சியாரும், தங்கை கணவர் நம்பெருமாள்சாமியும் டாக்டர்கள். அந்த ஆஸ்பத்திரிக்காகவே உழைத்தார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த அன்று அந்த வீட்டில் யார் என்ன பேசினார்கள்? யாராவது பேசாமல் இருந்தார்களா? ஒரு நாவலாசிரியன் அங்கேதான் பத்து அத்தியாயம் உட்கார்ந்திருப்பான். கேஸ் எழுதுகிறவருக்கு அங்கே வேலை இல்லை. அவர் அட்டவணைக்குப் போக வேண்டும். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு பையன் தன் தாயாரின் கையைப் பார்க்கிறானே, அவனுக்கு அந்த விடுபட்ட அத்தியாயம் அல்லவா முதலில் வேண்டும்?

பையனுடைய திட்டம் இது. கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் வருகிற மீனை வாங்கி, சுத்தம் செய்து, ஐஸ் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் கொண்டு கொடுப்பது. ஆர்டர் செல்போனில். மூன்று லட்சம் வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அதை வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று யோசிக்கிறான்.

"கூடையிலே மீன் கொண்டு போய் விக்கிற பொம்பளைங்க இருக்காங்களே, அவங்ககிட்டே பேசினியா?" என்று கேட்டேன்.

"அவங்க போட்டியாளருங்க மாமா."

"உன் கேஸிலே டாக்டர், வராதவங்க வீட்டுக்குப் போய் விசாரிச்சாரே?"

அவன் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொரு கட்டுத் தாளை எடுத்து வந்தான்.

அது நம் நாட்டிலிருந்து போய் அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி எழுதியது. தொழிலில் தேர்ந்த 27 பேரிடம் ஒரே மாதிரிப் பிரச்னையைக் கொடுத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டாராம். 2001-ல் வந்த அவருடைய கட்டுரைகளில் சமையல் உதாரணம் ஒன்று வருகிறது. ஒருவர் இன்ன பலகாரம் என்று தீர்மானித்துச் சாமான் வாங்கப் புறப்படுகிறார். இன்னொருவர் அடுக்களையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதில் ஆகக்கூடியதைச் சமைக்கிறார். கைதேர்ந்த தொழில்காரர்கள் இரண்டாமவரைப் போல என்பது அவர் முடிவு. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்துக் குழம்பு வைக்கிற எந்தப் பெண்பிள்ளையும் இதைக் கேட்டுச் சிரிப்பாள் என்றாலும், யாராவது எழுதித்தானே ஆகவேண்டும்? அதில் இன்னொரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. எவ்வளவு லாபம் வரும் என்று அவர்கள் கணக்குப் போடுவதில்லையாம். எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்கிறார்களாம்.

பாடத்திலேயே இருக்கிறது! ஆனால் பையன் அந்தத் தாளில் கோடு போடவில்லை. மதுரைக் கேஸில் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டிருந்தான். நல்ல கட்டுரை நல்ல கதையிடம் தோற்றுப் போவது எனக்குத் தொழில் முறையில் சந்தோஷம். மாமா முறையில் சந்தோஷமில்லை.

தொழில்முனைவோருக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர் பிரெஞ்சுச் சொல். 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த காரைக்காலில் கட்டட வேலையைக் காண்டிராக்ட் எடுப்பவரையும் அந்தப் பெயரால்தான் சொல்லியிருப்பார்கள். 1755-ல் அச்சான புத்தகத்தில் கான்டில்லான் என்பவர் அதற்குப் பொருளாதார விளக்கம் கொடுத்தார்: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவன். டீசலைத் தெரிந்த விலைக்கு வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிற கோட்டுச்சேரிமேட்டுக்காரர் எல்லோரும் இந்த விளக்கத்துக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் எம்.பி.ஏ. கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்த ஒரு கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"போனா தாங்கக்கூடியது எவ்வளவுன்னு அந்த அம்மா எழுதியிருக்காங்களா?"

"அது அவங்கவங்க கணக்கும்மா" என்றான் பையன்.

"அப்ப என் கணக்கை என்கிட்டேதானே கேக்கணும்? நீயே போட்டுக்கிட்டா எப்படி?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சிறிது நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வளையல்களில் இரண்டைக் கழற்றி, மதுரைக் கேஸின் மேல் வைத்தாள்.

"சங்கிலி கிடையாது" என்றாள். "சென்னைக்காரங்களுக்கு இன்னும் பத்து நாள் கழிச்சு எழுது."

மறுநாள் விடியுமுன்பே பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டான். ஏலம் முடிந்ததும் கூடைக்காரப் பெண்களோடு கூடவே போய்ப் பார்க்கப் போவதாகத் தாயாரிடம் சொன்னானாம். நான் ஒன்பது மணிக்குப் பஸ் ஏறும் வரை திரும்பவில்லை.