வெட்டுமேசையில் விடுபட்டவர்கள்: ரொம் வுல்ஃபின் ‘ஹூக்கிங் அப்’ தொகுப்பை முன்வைத்து

கட்டுரைகளையும் புனைகதையையும் ஒரே அட்டைக்குள் வைத்து வெளியிடும் எழுத்தாளர், விரும்பியோ விரும்பாமலோ, ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக நிறுத்திவிடுகிறார். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரொம் வுல்ஃப் (1930–2018) 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹூக்கிங் அப்’ அத்தகையதொரு தொகுப்பு. பெரும்பகுதி கட்டுரைகள். அவற்றைத் தொடர்ந்து ‘அம்புஷ் அற் ஃபோர்ட் பிராக்’ என்ற குறுநாவல். இறுதியில், ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையையும் அதன் ஆசிரியர் வில்லியம் ஷோனையும் கேலிசெய்து 1965இல் அவர் எழுதியவை. இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது எழும் முரண்பாடே இங்கு எமது அக்கறைக்குரியது.

வுல்ஃபின் அடிப்படை வாதம் எளிமையானது: எழுத்தாளன் அறையைவிட்டு வெளியே போகவேண்டும்; பார்த்து, கேட்டு, குறிப்பெடுத்து எழுதவேண்டும். 1973இல் வெளியான ‘த நியூ ஜேர்னலிசம்’ தொகைநூலிலிருந்து அவர் இதையே வலியுறுத்தி வந்தார். 1998இல் வெளிவந்த தனது நாவலைக் குறைகூறிய அப்டைக், மெயிலர், இர்விங் ஆகிய மூவருக்கும் இத்தொகுப்பில் அவர் அளிக்கும் பதிலும் இதுதான். அவருடைய ஆதர்சம் எமில் சோலா. ‘ஜெர்மினால்’ நாவலுக்காக 1884இல் அன்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய சோலா. இந்த வாதத்தில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியே போனவர் யாரிடம் பேசினார், யாரைத் தாண்டிச் சென்றார் என்ற கேள்வி அதனுடன் தீர்ந்துவிடுவதில்லை.

தொகுப்பின் மிகச் சிறந்த கட்டுரை இன்ரெல் நிறுவனத்தை 1968இல் தொடங்கியவர்களில் ஒருவரான றொபேட் நொய்ஸ் பற்றியது. 1983இல் ‘எஸ்குவயர்’ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையின் மறுவடிவம் அது. அயோவா மாநிலத்தின் கிரினெல் என்ற சிற்றூரில், மதகுருமார் குடும்பத்தில் வளர்ந்தவர் நொய்ஸ். மேல்கீழ் ஆசனங்களை ஏற்காத அந்தப் புரட்டஸ்தாந்து மரபே, மேலதிகாரிக்கென்று தனி வாகனத் தரிப்பிடம்கூட இல்லாத ஒரு நிறுவனப் பண்பாடாக மாறியது என்று வுல்ஃப் காட்டும் விதம் அசாத்தியமானது. சமூக வரலாற்றை இவ்வளவு சுவையாக எழுத வெகுசிலராலேயே முடியும்.

ஆனால் அதே கட்டுரையில், நுணுக்குக்காட்டிகளின்மேல் குனிந்து வேலைசெய்யும் பெண்களின் வரிசையையும் அவர் காண்கிறார். சான் பிரான்சிஸ்கோ சீனக்குடியிருப்பின் தையற்கூடங்கள் அவருக்கு நினைவுக்கு வருகின்றன. கண் பிழைக்கவில்லை. எனினும் அப்பெண்களில் ஒருத்திகூடக் கட்டுரையில் வாய்திறப்பதில்லை. தொழிற்சங்கம் ஏன் வேண்டாம் என்பதற்கு நிர்வாகத்தின் நியாயம் மட்டுமே எமக்குக் கிடைக்கிறது. சோலா அன்சானுக்குப் போனது வேலைநிறுத்த காலத்தில். அவர் தொழிலாளரின் வீடுகளுக்கும் போனார். வுல்ஃப் தனது குருவிடமிருந்து பாதியை மட்டுமே கற்றுக்கொண்டார் என்றே சொல்லவேண்டும்.

அறிவுஜீவிகளைச் சாடும் கட்டுரையில் இக்குறை இன்னும் அப்பட்டமானது. தனக்குத் தெரிந்த துறையை விட்டுவிட்டுத் தெரியாததைப்பற்றிப் பேசுபவனே அறிவுஜீவி என்பது அவருடைய கிண்டல். அதற்கு உதாரணம் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி. வியட்நாம் போரைக் கண்டித்ததால்தான் அவர் பெரிய மனிதரானாராம். 1969இல் வெளியான சோம்ஸ்கியின் நூல் அரச ஆவணங்களையும் புலமையாளர்களின் எழுத்துக்களையும் பக்கம் பக்கமாகப் பரிசீலிப்பது. அந்த வாதங்களுக்குள் வுல்ஃப் நுழைவதேயில்லை. தகவலே முதன்மையானது என்பவர் இங்கு ஒரு சிரிப்புடன் காரியத்தை முடித்துக்கொள்கிறார்.

இப்போது குறுநாவலுக்கு வருவோம். இது 1996இல் ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகையில் வெளிவந்தது. தன்பாலீர்ப்பாளனான ஒரு சிப்பாய் சக சிப்பாய்களால் கொல்லப்படுகிறான். சந்தேகத்துக்குரிய மூவரையும் சிக்கவைக்க, ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மதுச்சாலையில் ஒளிவுக் கமராக்களைப் பொருத்துகிறார். சகிப்பின்மைக்கு எதிராகப் போராடும் கலைஞனாகத் தன்னைக் கருதுபவர் அவர். அதேவேளை அச்சிப்பாய்களைக் கண்டு நடுங்குபவர். மூவரும் சிக்குகிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவன், சோமாலியாவில் தாங்கள் பட்டதையும் தனது தரப்பையும் எதிர்பாராத தெளிவுடன் சொல்லிவிடுகிறான். தயாரிப்பாளர் அதை வெட்டிவிடுகிறார். ஒளிபரப்பில் எஞ்சுவது குற்றவாளிகளின் கொடூரம் மட்டுமே.

அந்தச் சிப்பாய் சொல்வதை நாம் ஏற்கவேண்டியதில்லை, கொலை கொலைதான். ஆனால் உண்மையான குற்றத்தை அம்பலப்படுத்தும்போதுகூட அம்பலப்படுத்துபவர் பொய்செய்யலாம் என்பதை வுல்ஃப் இங்கு கூர்மையாகக் காட்டுகிறார். வெட்டப்பட்டதை நாம் வாசிக்கிறோம். வெட்டிய கையையும் பார்க்கிறோம். கட்டுரைகளில் இந்த இரண்டுமே மறைந்திருக்கின்றன. பத்திரிகையாளர் வுல்ஃபைக் கதாசிரியர் வுல்ஃப் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் எனலாம்.

கதாசிரியரும் தப்பிவிடவில்லை. கொலைசெய்தவர்களுக்குக் குரல் உண்டு, தயாரிப்பாளருக்கு மனம் உண்டு. கொல்லப்பட்டவனோ கதையில் ஒரு மனிதனாக எழுந்து வருவதில்லை. தன்பாலீர்ப்பினர் தம்மை மறைத்தே படையில் இருக்கலாம் என்ற அமெரிக்க விதி 1993இல் உருவாகி 2011இல்தான் நீங்கியது. மௌனமாக இருக்கும்படி சட்டமே பணித்த ஒருவனை, யார் வெட்டப்படுகிறார்கள் என்று கேட்கும் கதையும் மௌனமாகவே விட்டுவிட்டது.

புகலிடத்தில் இருக்கும் எமக்கு இது தொலைதூரத்து இலக்கியச் சண்டையல்ல. எமது வாக்குமூலங்களை அதிகாரிகள் படிவத்தின் கட்டங்களுக்கேற்ப நறுக்குகிறார்கள். ஊடகங்கள் இரண்டு நிமிடக் கண்ணீராகச் சுருக்குகின்றன. எமது சஞ்சிகைகளிலும் எதிர்த்தரப்பின் பேச்சில் அவர்களைக் குற்றவாளியாக்கும் வரிகள் மட்டுமே அச்சேறுவதுண்டு. சாட்சியம் என்று நாம் போற்றும் எழுத்தைப்பற்றி, அது உண்மையா என்பதோடு இன்னொன்றையும் கேட்டாகவேண்டும்: இதை உண்மையாக்குவதற்காக யாருடைய பேச்சு வெட்டப்பட்டது? வுல்ஃபின் கட்டுரைகளில் இக்கேள்விக்கு இடமில்லை. அவருடைய குறுநாவலில் அரைவாசியாவது உண்டு. அந்த அரைவாசிக்காகவே இத்தொகுப்பு இன்றும் வாசிக்கப்படவேண்டியது.