போகாத இடத்தின் வரைபடம்

காணாமல் போனவரைத் தேடும் வரைபடத்தில் என் கண் முதலில் போவது கோடு இல்லாத இடத்துக்குத்தான். கோடுகளை யார் வேண்டுமானாலும் குவித்துவிடலாம். ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவியோடு ஐம்பது பேர் மலையைச் சுற்றிவந்தால் மாலைக்குள் கணினித் திரை நிரம்பிவிடும். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ‘இங்கே இன்னும் யாரும் போகவில்லை’ என்று துணிந்து சொல்லக்கூடிய வெற்றிடத்தைப் பிரித்தெடுக்கிறாரே, அவர்தான் தடக்கோப்புகளை ஆளத் தெரிந்தவர்.

தென் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு 2010 ஜூனில் தனியாக நடக்கப்போன 66 வயதுக்காரர் ஒருவர் திரும்பவில்லை. அவருடைய கார் ஜூனிப்பர் ஃப்ளாட்ஸ் பாதையின் தொடக்கத்தில் நின்றது. அரசுத் தேடல் ஓய்ந்த பின்னும் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே நடந்தார்கள். அவர்களில் ஒருவர் பலருடைய தடங்களையும் ஒரே வரைபடமாகத் தொகுத்துப் பொதுவில் வைத்தார். அந்தப் பாறைக் காட்டில் புதிதாக இறங்குபவர் எந்தப் பள்ளம் மிதிபட்டது, எது மிதிபடவில்லை என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். காணாமல் போனவருடைய கைபேசி ஒரு கோபுரத்திலிருந்து 10.6 மைல் தூரத்தில் இருந்ததாகக் கிடைத்த ஒரே ஒரு சமிக்ஞை, நடப்பவர்களை வருடக்கணக்கில் தன் பக்கம் இழுத்தது. 2022 பிப்ரவரியில்தான் அவருடைய எச்சங்கள் கிடைத்தன. பயனை மட்டும் வைத்து அந்த வரைபடத்தை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி அடுக்கி வைத்த நேர்மைதான் அதன் அழகு.

தடக்கோப்புகளை ஆளும் இந்தக் கலையின் நுட்பம் முழுவதும் பிழை எங்கே நுழைகிறது என்று மோப்பம் பிடிப்பதில் இருக்கிறது. கருவியில் முந்தைய வாரத்து நடை அழிக்கப்படாமல் கிடந்தால், போகாத மலையெல்லாம் போனதாகக் கோடு விழும். முகாமிலிருந்து காட்டு முனைவரை ஜீப்பில் போன தூரத்தையும் கருவி விசுவாசமாகப் பதிந்திருக்கும், அதை வெட்டவேண்டும். பழைய கார்மின் கைக்கருவிகளில் ஒரு பொறி உண்டு. தடத்தைச் ‘சேமி’ என்று அழுத்தினால் புள்ளிகளைக் குறைத்து, நேரக் குறிப்பையும் உதிர்த்துவிட்டுத்தான் சேமிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பதிவை அப்படியே கணினிக்கு இறக்கினால்தான் முழுசும் வரும். குழு திரும்பியதும் சாப்பிடப் போகுமுன் கருவியைக் கையில் வாங்கிக்கொள்பவரை நான் மதிப்பது இதனால்தான்.

நேரமும் ஏமாற்றும். ஜிபிஎக்ஸ் என்ற தடக்கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம். கலிபோர்னியாவில் கோடைக்கால மாலை 5 மணி என்றால் கோப்பில் அது மறுநாள் பிறந்த நேரம். தேதிவாரியாகக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் இரவுக் குழுவின் நடை நாளைய கணக்கில் போய் உட்காரும்.

இடத்தின் ஏமாற்று இன்னும் நயமானது. தடக்கோப்பு எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆள்கூற்று அடிப்படையில்தான் இருக்கும். அதில் வம்பு இல்லை. வயர்லெஸ்ஸில் வாயால் சொல்லும் எண்களில்தான் வம்பு. ஒருவரின் கருவி பழைய அமெரிக்க வரைபடங்களின் 1927ஆம் ஆண்டு அடிப்படையில் வைக்கப்பட்டிருந்தால், அவர் சொல்லும் புள்ளி யூடிஎம் என்ற ஆள்கூற்றுக் கட்டத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். தடம் ஓடையில் இருக்க, அதே ஆள் கண்டெடுத்த தொப்பியின் புள்ளி எதிர்ச்சரிவில் நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

நான் மிகவும் ரசிப்பது இன்னொன்று. செங்குத்துப் பாறையடியில் குழு அரைமணி நேரம் உட்கார்ந்தால், சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி, சிக்குண்ட நூல்கண்டாகத் திரையில் ஒரு கிறுக்கல் தோன்றும். யாரும் நடக்காத நடை அது. பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போனால் பரவாயில்லை, கணக்கையும் கெடுக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக பி. ஓ. கூப்மன் வளர்த்த தேடல் கோட்பாட்டின்படி, நடந்த தூரத்தைக் கண்ணுக்கு எட்டும் பயனுள்ள அகலத்தால் பெருக்கி, நிலப்பரப்பால் வகுக்கவேண்டும். விடை 1 என்று வந்தால், அங்கே இருக்கும் ஆளைக் கண்டிருக்கும் வாய்ப்பு 63 சதவீதம். 2 என்றால் 86. கிறுக்கலின் பொய்த் தூரம் அதில் சேர்ந்தால் தேடாத நிலம் தேடியதாகிவிடும். அதற்காகக் கோட்டைக் கணினியைக் கொண்டு ஒரேயடியாக வழித்து நேராக்கினாலோ, ஆள் வளைந்து வளைந்து புதருக்குள் எட்டிப் பார்த்த உழைப்பும் சேர்ந்து வழிந்துபோகும். எது நடுக்கம், எது நடை என்று வேகத்தையும் நேரத்தையும் ஒப்பிட்டுக் கையால் பிரிக்கவேண்டும். மூலக்கோப்பைத் தொடாமல் நகலில்தான் கைவைக்கவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்ணம் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. குழுவுக்கொரு நிறம் என்று வானவில் பூசுவதைவிட, தேடல் வேளைக்கொரு நிறம் மேல். யார் போனார் என்பது பெயரில் இருக்கட்டும். எப்போது போனார் என்பதுதான் கண்ணில் படவேண்டும். நடமாடக்கூடிய ஆளைத் தேடும்போது நேற்றுக் காலை பார்த்த ஓடை இன்று பார்த்த ஓடை ஆகாது.

இத்தனைக்கும் பிறகு, கோடு காலைத்தான் காட்டும், கண்ணைக் காட்டாது. இருட்டில் வரிசையாக விரைந்து இறங்கிய குழுவின் கோடும், பகலில் பாறை இடுக்கு ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்த குழுவின் கோடும் ஒரே தடிமன்தான். தேர்ந்தவர்கள் தடத்தை வாங்கும்போதே ‘எங்கே பார்க்க முடியவில்லை?’ என்று கேட்டு, ‘இரவு, மேற்குப் புதர் விடுபட்டது’ என்று நாலு சொல்லைக் கோட்டோடு இணைத்து எழுதிவிடுவார்கள். சார்டோப்போ போன்ற தேடல் மென்பொருள்களில் அதற்கென்றே குறிப்புப் பெட்டி இருக்கிறது. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.