குமுளி இறக்கமும் பழைய கேம்ரியின் பேட்டரியும்

2013ஆம் ஆண்டில் பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்த டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் தன் முதல் விலையின் சிறு பங்குக்குக் கைமாறுகிறது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் மாறியும் சேர்ந்தும் சக்கரத்தைச் சுழற்றும் இக்காரின் 2.5 லிட்டர் எஞ்சினைப் பற்றியோ பின் இருக்கையின் தாராளத்தைப் பற்றியோ புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கியவரின் உறக்கத்தைக் கெடுப்பது அந்த இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பேட்டரிதான். காமயகவுண்டன்பட்டியில் இருந்துகொண்டு சில வாரங்கள் இதை ஓட்டுபவருக்கு, கம்பம் பள்ளத்தாக்கின் நிலவமைப்பே அக்கவலையை முதலில் பெருக்கிக் காட்டுகிறது.

அப்பேட்டரி நிக்கல் உலோக ஹைட்ரைடு என்னும் வகையைச் சேர்ந்தது. ஆறு ஆறு செல்களைக் கொண்ட 34 கட்டைகள் தொடராக இணைந்து 244.8 வோல்ட் தருகின்றன, 6.5 ஆம்பியர் மணி கொள்ளளவோடு பெருக்கினால் மொத்தச் சேமிப்பு ஏறத்தாழ 1.6 கிலோவாட் மணி, அதாவது வீட்டு ஏசி ஒன்று ஓரிரு மணி நேரம் ஓடப் போதுமான மின்சாரம். காரின் கணினி இதை முழுவதும் நிரப்புவதுமில்லை, முழுவதும் வற்றவிடுவதுமில்லை. ஏறக்குறைய 40 முதல் 80 விழுக்காட்டுக்குள்ளேயே ஏற்றி இறக்கி வைக்கிறது. பத்தாண்டு கடந்த பேட்டரிகள் இன்னும் உழைப்பதற்கு இந்தக் கட்டுப்பாடே முதற்காரணம்.

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரையிலான மலைப்பாதையில்தான் புதிய உரிமையாளர் முதன்முதலில் அரண்டுபோகிறார். இறக்கத்தில் மின்மோட்டார், காரின் வேகத்தைத் தடுத்து அந்த ஆற்றலை மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. காரும் பயணிகளும் சேர்ந்து 1,750 கிலோ என்று கொண்டால், ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் இறங்கும்போது கிடைக்கக்கூடியது 2 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவு. உராய்விலும் மாற்றத்திலும் வீணாவதைக் கழித்தாலும் எஞ்சுவது மிகுதி; பேட்டரியில் அதற்கென விடப்பட்டிருக்கும் இடமோ முக்கால் கிலோவாட் மணியைக்கூட எட்டாது. ஆகவே சில கொண்டை ஊசி வளைவுகளுக்குள், பேட்டரியின் இருப்பைக் காட்டும் திரைக் கோடுகள் உச்சியைத் தொட்டுவிட, அதுவரை அமைதியாக இருந்த எஞ்சின், ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோதே உறுமத் தொடங்குகிறது. மிஞ்சிய ஆற்றலைச் செலவழிக்க, பெட்ரோல் ஊற்றாமல் எஞ்சினை வெறுமனே சுழற்றும் ஏற்பாடு இது. பிரேக் கட்டைகள் கொதிக்காமல் காக்கும் இந்த நல்ல குணத்தைத்தான் பலர் நோய் என்று எடுத்துக்கொள்கின்றனர்.

நலிந்த பேட்டரியும் இதே அறிகுறியைத்தான் காட்டும் என்பது இதிலுள்ள சிக்கல். கொள்ளளவு சுருங்கிய பேட்டரித் தொகுதி சட்டென்று நிரம்பும், சட்டென்று வற்றும். எனவே மலைப்பாதையில் கண்டதை வைத்துத் தீர்ப்பு எழுதலாகாது. கம்பத்திலிருந்து உத்தமபாளையம் செல்லும் ஓரளவு சமமான சாலையிலும் கோடுகள் ஊஞ்சலாடினால், கடைவீதி நெரிசலில் மின்மோட்டாரில் ஊர்ந்து செல்ல இயலாமல் எஞ்சின் நொடிக்கொரு முறை விழித்தெழுந்தால், அப்போது ஐயம் நியாயமானது.

இந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டிய திரை உதவ மறுப்பது இக்காரின் மன்னிக்க முடியாத குறை. ஒவ்வொரு இரட்டைக் கட்டையின் மின்னழுத்தத்தையும் கணினி இடைவிடாமல் அளந்துகொண்டிருக்க, உரிமையாளருக்கோ சில கோடுகள் மட்டுமே காட்டப்படுகின்றன. அக்கோடுகளின் உச்சிகூட உண்மையான நிறைவு அன்று. ஓட்டுநரைக் குழந்தையாகக் கருதும் இந்த மனப்பான்மை டொயோட்டாவுக்குப் பழகிப்போனது. ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி துளையில், அதாவது மெக்கானிக்குகள் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் இணைப்பில், மலிவான புளூடூத் கருவி ஒன்றைச் செருகி டாக்டர் பிரியஸ் போன்ற செயலியைத் திறந்தால் அந்த எண்கள் வெளிவந்துவிடுகின்றன. ஏற்றத்தில் மின்மோட்டார் இழுக்கும்போது ஏதேனும் ஓர் இணை மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்தால் அங்கேதான் பழுது. பி0ஏ80 என்ற குறியீடு தோன்றினால் பேட்டரி தளர்ந்துவிட்டதாகக் கணினியே ஒப்புக்கொண்டது எனலாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது வெப்பத்துக்கு. காருக்குள் இருக்கும் காற்றையே மின்விசிறி ஒன்று பின் இருக்கைப் பகுதியிலுள்ள துளை வழியே உறிஞ்சிப் பேட்டரியைக் குளிர்விக்கிறது. திராட்சைத் தோட்டத்து வண்டித்தடத்தில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினால் செம்மண் தூசி அவ்விசிறியில் படிகிறது. திராட்சைப் பெட்டியையோ தேங்காய் மூட்டையையோ பின் இருக்கையில் ஏற்றினால் துளையே அடைபடுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணிச் சித்திரை வெயிலில் ஏசியை நிறுத்தி ஓட்டுவது, பேட்டரியின் ஆயுளிலிருந்து கடன் வாங்குவதே ஆகும்.

இத்தகைய பேட்டரிகளைப் பழுது பார்ப்பதில் தமிழ் பேசும் நிலங்களில் நீண்ட அனுபவம் பெற்றது இலங்கை. ஜப்பானிலிருந்து டொயோட்டாவின் பழைய பிரியஸ், அக்வா ஹைபிரிட் கார்கள் ஏராளமாக அங்கு இறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இருப்பவற்றையே ஓட்டித் தீர வேண்டியதாயிற்று. தொகுதியைப் பிரித்து நலிந்த கட்டையை மட்டும் மாற்றுவது அங்குள்ள பட்டறைகளில் பழகிய வேலை. ஆயினும் புதியது ஒன்று பழையவற்றோடு ஒத்துப்போகாது, சில மாதங்களில் அடுத்தது தளரக்கூடும் என்பதால், காரை நெடுநாள் வைத்திருக்க விரும்புவோர் முழுத் தொகுதிக்கான செலவைக் கார் விலையோடு முன்கூட்டியே சேர்த்துக் கணக்கிடுவது நலம். 2022இல் வந்த டொயோட்டா ஹைரைடர் போன்ற ஹைபிரிட் கார்களின் லித்தியம் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு; 2013ஆம் ஆண்டுக் காருக்கு அந்த அடைக்கலம் இல்லை.

ஒரு காலையில் கார் உயிர்பெறவே மறுத்தாலும் உடனே பெரிய பேட்டரியைப் பழிக்க வேண்டியதில்லை. கணினியை எழுப்புவது டிக்கியில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் முதலில் இறங்குவது அதுதான். விலை சில ஆயிரம் ரூபாய்.