நன்றி எழுதிய ஏடு

நார்வே நாட்டின் வடபுலத்தே, லொபோட்டன் தீவுத் தொடரின் கடைக்கோடியில் ரோஸ்ட் என்னும் சின்னஞ்சிறு ஊராட்சி உண்டு. ஐந்நூறு பேர் அளவே வாழும் அவ்வூரில் மீனே வாழ்வு. அதனை ஏட்டில் ஏற்றியவர் அவ்வூரார் அல்லர். புயல் கொணர்ந்து சேர்த்த வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினி.

1431இல் கிரீட் தீவினின்று பிளாண்டர்ஸ் நோக்கிப் புறப்பட்ட அவரது கப்பல் சுக்கான் முறிந்து சிதைந்தது. 68 பேரில் பிழைத்தோர் பதினொருவரே. 1432இன் தொடக்கத்தில், ஆளற்ற தீவொன்றில் கிடந்த அவர்களை ரோஸ்ட் மீனவர்கள் கண்டெடுத்து, மே மாதம் வரை தம் இல்லங்களில் வைத்துக் காத்தனர். குவெரினி அதனை எழுதி வைத்தார். உடன் பிழைத்த இருவரின் கூற்று தனி ஏடாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ரமூசியோ தமது பயண நூல் தொகுப்பில் இரண்டையும் அச்சேற்றினார்.

அரபு மொழியில் 'ரிஹ்லா' எனப்படும் பயண நூல்களைப் பயிலுங்கால் நாம் முதற்கண் ஒன்று கேட்போம்: ஆசிரியர் கண்டது எது, கருதியது எது? குவெரினியையும் அவ்வாறே வினவுதல் தகும்.

அவர் கண்டவை அருமையானவை. உப்பே இடாமல் மீனைக் காற்றிலும் வெயிலிலும் உலர்த்துவர். அது கட்டைபோல் இறுகும். உண்ணுமுன் அடித்து மென்மையாக்கி, வெண்ணெய் சேர்ப்பர். நாணயத்துக்கு ஈடாகவும் அம்மீனே வழங்கும். இப்பகுதியில் ஒரு சொல்லும் மிகையில்லை.

ஆனால், மக்களைப் பற்றி எழுதும்போது எழுதுகோல் தடம் மாறுகிறது. அவர்கள் மாசு அறியாதவர்கள், சுவர்க்கவாசிகளை ஒத்தவர்கள் என்று போற்றுகிறார். உயிர் காத்தோர்க்கு நன்றி கூறுதல் கடனே. நாமும் அதனைக் குறை கூறோம். எனினும் நன்றி வேறு, அறிதல் வேறு. அதே ஏட்டில் அம்மக்கள் ஆண்டுதோறும் பெர்கன் துறைக்கு மீன் ஏற்றிச் சென்று, அயல்நாட்டு வணிகரிடம் தமக்கு வேண்டியவற்றை மாற்றிக் கொள்வதையும் அவரே உரைக்கிறார். விலையும் சந்தையும் அறிந்தோர் உலகறியாப் பேதையராய் இருந்திருப்பரோ? போதாக்குறைக்கு, அவர் அம்மக்களோடு பேசியது இலத்தீன் அறிந்த ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் வாயிலாக. வீட்டாரின் சொல் நம்மை எட்டவேயில்லை.

அந்நியரைத் தம் மனைவி மக்களுடன் ஒரே கூரையின்கீழ் துயிலவிட்டு, ஆடவர் வைகறையில் கடலுக்குச் சென்றனர் என்னும் செய்தியும் இவ்வேட்டில் உண்டு. நன்மை தீமை அறியாதவன் அவ்வாறு விட்டுச் சென்றால் அது வெகுளித்தனம். அறிந்தவன் விட்டுச் சென்றால் அது நம்பிக்கை. குவெரினி முன்னதைப் புகழ்ந்தார். அவர் தந்த செய்திகளோ பின்னதையே மெய்ப்பிக்கின்றன.

2012இல் ரோஸ்ட் மக்கள் இவ்வரலாற்றை இசை நாடகமாகத் தம் தீவிலேயே அரங்கேற்றினர். விருந்தினர் எழுதி ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்தபின், வீட்டார் தம் பங்கை உரைத்தனர். அதனையும் கருத்தில் கொண்டே குவெரினியின் ஏட்டைப் பயில வேண்டும் என்பது நம் துணிபு.