நெய்த துணியும் அச்சுப்படமும்

வலப்பனையிலே புதுமனை புகும் ஒருவர், வரவேற்பறைச் சுவருக்கென ஆனி அல்பேர்ஸ் அம்மையாரின் சுவர்த்துணியொன்றின் அச்சுப்படத்தைச் சட்டமிட்டு வாங்க எண்ணுகிறார் எனக் கொள்க. கட்டங்களும் பட்டைகளுமன்றி உருவம் எதுவும் அதில் இல்லை. “இதில் என்ன இருக்கிறது?” என வீட்டார் வினவுவர். அவ்வினா இகழத்தக்கதன்று. ஆயின், அதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: விலைகொடுத்துப் பெறுவது நெசவா, நெசவின் நிழலா?

1899இல் பேர்லினிற் பிறந்த அல்பேர்ஸ், 1922இல் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கல்லூரியிற் சேர்ந்தார். பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கூடத்திற்கே அனுப்பிய காலம் அது. தாம் விரும்பித் தெரியாத தறியிலேயே அவர் தம் கலையைக் கண்டார். 1949இல் நியூயோர்க் நவீன கலைக்கூடம் அவர் ஆக்கங்களுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

சாம்பல் நிறம் வேண்டும் ஓவியன் கறுப்பையும் வெள்ளையையும் குழைப்பான். நெசவிலோ, வெள்ளைப் பாவினூடே கறுப்பு ஊடை ஓடுமிடத்து அந்நிறம் தானே தோன்றும். அணுகிப் பார்த்தால் இரு நூல்களும் வேறுவேறாய்த் தெரியும். அச்சிலே அது வெறும் சாம்பல் மை. பேர்னாவ் நகரத் தொழிற்சங்கப் பள்ளி மண்டபத்திற்கென அவர் ஆக்கி, 1930இல் பட்டயம் பெறக் காரணமான துணி, செலோபேன் இழையால் ஒருபுறம் ஒளியை எறிந்தது. மறுபுறம் ஓசையை உறிஞ்சியது. எந்த அச்சுப்படம் இதனைக் காட்டவல்லது?

கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடையில் இழை சென்ற வழியே கண்ணுக்குப் புலப்படாதென்று பொருநராற்றுப்படை வியந்து, பாம்பின் தோலை உவமை கூறும். அங்கு இழை மறைதல் சிறப்பு. அல்பேர்ஸிடம் இழை வெளிப்படுதல் சிறப்பு. இவ்வேறுபாட்டை உணர்தற்கும் துணி கண்முன் இருத்தல் வேண்டும்.

எனினும், அச்சென்றாலே தாழ்ந்ததெனத் தள்ளுதல் பொருந்தாது. 1963இல் லொஸ் ஏஞ்சலிஸிற் கல்லச்சுக்கலையைப் பயிலத் தொடங்கிய அல்பேர்ஸ், பிற்காலத்தில் தறியை விடுத்து அச்சுக்கலையிலேயே ஈடுபட்டார். அவை தாளுக்கென்றே ஆக்கப்பட்டவை; அவற்றின் பிரதிகளில் இழப்புக் குறைவு. ஆதலின் வாங்குவோர், மூலம் துணியா தாளா என்பதையும் அதன் அளவையும் கடைக்காரரிடம் கேட்டறிதல் நன்று. ஆளுயரத் துணியை இரு சாணாகச் சுருக்கி, மினுங்கும் கண்ணாடியும் பொன்முலாம் சட்டமும் பூட்டி விற்பதற்குச் சட்டத்தின் விலையே பெரும்பங்கு போலும்!

கண்டிக்குக் கிழக்கே, தும்பறைப் பகுதியில், கற்றாழையினச் செடியான ‘ஹண’வின் நாரால் நெய்யப்படும் பாய்களும் ஈண்டு நினைக்கத்தக்கன. ‘தும்பர ரட்டா கலால’ எனப்படும் இக்கைவினை 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கோடும் கட்டமும் மலிந்த அப்பாய்கள் சுவரிலும் தொங்கவிடப்படுவன. வலப்பனை வீட்டார் அத்தகையதொன்றை அல்பேர்ஸ் படத்தினருகே கண்ணாடியின்றி மாட்டுவாராயின், பிள்ளைகள் நாரைத் தொட்டுப் பார்த்த பின்னர்ப் படத்தையும் வேறு கண்கொண்டு நோக்குவர்.