உருண்டை உடம்பில் நிற்கும் சேணம்

குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஓர் எலும்பு மேடு உண்டு. சேணம் பக்கவாட்டில் உருளாமல் பார்த்துக்கொள்வது இந்தத் தோள்மேடுதான். பந்தயக் குதிரைகளுக்கு அது உயர்ந்து கூர்மையாக நிற்கும். சேணத்தின் இரு பாதிகளும் மேட்டின் இருபுறமும் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மேடு தணிந்து, விலா எலும்புகள் அகன்று வளைந்த குதிரைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதன் முதுகு பீப்பாயின் மேற்பரப்பு. ஒரு பக்க அங்கவடியில் பாரம் கூடினால், சேணம் வயிற்றுவாரோடு சேர்ந்து உடம்பைச் சுற்றியே நழுவும்.

ஹாஃப்லிங்கர் குதிரைகளில் இந்த உடல்வாகைத் தெளிவாகக் காணலாம். தெற்குத் திரோல் மலைப்பகுதியில் 1874-இல் பிறந்த 249 ஃபோலி என்ற ஆண் குதிரைதான் இந்த இனத்தின் மூலவன். செம்பழுப்பு உடம்பும் வெளிர்மஞ்சள் பிடரிமயிருமாக அழகாக இருக்கும் இக்குதிரைகள் மலைப்பாதையில் பொதி சுமந்து பழகியவை. குட்டையான கால், அகன்ற மார்பு, உருண்ட விலா. ஷெட்லாந்து மட்டக்குதிரையின் கதையும் இதேதான். 42 அங்குலத்துக்கு மேல் வளராத அந்தச் சிறிய உடம்பில் குழந்தைகள்தான் ஏறுகிறார்கள் என்பதால், அங்கே சேணம் உருண்டால் கவலை இன்னும் அதிகம்.

சேணம் உருண்டதும் வாரை இன்னும் ஒரு துளை இறுக்குவதுதான் பலருக்கும் தோன்றும் முதல் யோசனை. குதிரைக்கு மூச்சு முட்டுவதைத் தவிர அதனால் பெரிய பயன் இல்லை. சேணத்தை நிறுத்துவது வடிவம். தோலுக்கும் மெத்தைக்கும் உள்ளே மறைந்திருக்கும் சட்டத்தில்தான் சேணக்காரரின் கை தெரியும். இங்கிலாந்தின் சேணத்தொழில் நகரமான வால்சலில் பீச் மரத்தகடுகளை ஒட்டி, இரும்புப் பட்டைகளால் வலுவூட்டிச் செய்யப்பட்ட சட்டங்கள் பேர்பெற்றவை. அந்த ஊர்க் கால்பந்து அணியைச் ‘சேணக்காரர்கள்’ என்றே அழைக்கிறார்கள். சட்டத்தின் முன்வளைவு கூரைபோல் குவிந்திருந்தால் தோள்மேடு உயர்ந்த குதிரைக்கு அது கச்சிதம். உருண்ட முதுகுக்கு வேண்டியதோ ‘ப’ எழுத்தைக் கவிழ்த்தாற்போல மேலே தட்டையாக விரிந்து இருபுறமும் இறங்கும் வளைவு. குறுகிய சட்டத்தை அகன்ற முதுகில் வைத்தால் அதன் இரு முனைகளும் சதையைக் கவ்வ, சேணம் முழுவதும் உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உயரம் கூடக் கூட ஆளின் பாரம் அதைச் சாய்க்கும் வேகமும் கூடும்.

இதனால்தான் கனத்த துணியை அடியில் திணிப்பது எதிர்விளைவைத் தருகிறது. ஏற்கனவே உருண்ட முதுகை அது இன்னும் உருட்டுகிறது; சேணத்துக்கும் முதுகுக்கும் இடையே நெகிழ்வான அடுக்கு ஒன்று கூடுகிறது. மெல்லிய பருத்தி விரிப்பே நல்லது. வழுக்காத ரப்பர் விரிப்பு சற்று உதவும்; ஆனால் பொருந்தாத சேணத்தை அது பொருத்தமாக்கிவிடாது. சேணத்தின் அடியில் கம்பளி நிரப்பிய இரு மெத்தைகளும் அகலமாக, முதுகின் சரிவுக்கு இணையாகப் படிந்திருக்க வேண்டும். நடுவில் முதுகெலும்புக்கு இடம் விட்டு, மற்ற எல்லா இடத்திலும் சமமாகத் தொடும் மெத்தையைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி.

அடுத்தது வார். முழங்கைக்குப் பின்னே மார்புக்கூடு ஒடுங்கும் பள்ளத்தை வயிற்றுவார் தானாகவே தேடிப் போகும். உருண்ட வயிற்றுக் குதிரைகளுக்கு அந்தப் பள்ளம் பெரும்பாலும் முன்தள்ளியே அமைந்திருக்கும். வார் அங்கே நகரும்போது சேணத்தையும் தோளின்மேல் இழுத்துவிடும். சட்டத்தின் முனையிலிருந்தே இறங்கும் கூடுதல் வாரில் கொக்கியை மாட்டினால், வார் முன்னே நின்றாலும் சேணம் பின்னே தன் இடத்தில் இருக்கும். முழங்கையை ஒட்டி உள்வளைந்து வெட்டிய வாரும் இதற்கு உதவும். வாரை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. முதலில் மெல்ல மாட்டி, குதிரையைச் சில அடிகள் நடத்தி, மீண்டும் ஒரு துளை ஏற்ற வேண்டும். பிறகு முன்காலைத் தூக்கி முன்னே நீட்டினால் வாருக்கடியில் சுருண்ட தோல் விரியும், புண் வராது.

முன்னே நழுவும் சேணத்துக்குப் பழைய மருந்து வால்வார். சேணத்தின் பின்புறத்திலிருந்து முதுகின் மேலாகச் சென்று வாலின் அடியைச் சுற்றிவரும் தோல்வார் இது. வாலுக்கடியில் வரும் தடித்த வளையத்துக்குள் ஆளிவிதையை நிரப்பித் தைப்பது பழைய சேணக்காரர்களின் வழக்கம். உடம்பின் சூட்டில் விதையின் எண்ணெய் கசிந்து தோலை உள்ளிருந்தே மிருதுவாக வைத்திருக்கும். மிகச் சின்ன இடம், மிக மென்மையான சருமம். அதற்கு இவ்வளவு நுட்பமான தீர்வைக் கண்டவர்களை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. வளையத்துக்குள் ஒரு மயிர்கூடச் சிக்காமல் எடுத்துவிட வேண்டும். வாருக்கும் பிட்டத்துக்கும் இடையே ஒரு கை நுழைய வேண்டும். பழகாத குதிரை முதலில் உதைக்கும் என்பதால் பொறுமையாகப் பழக்குவது அவசியம். குதிரையின் மார்பைச் சுற்றிக் கட்டும் மார்வார் இதற்கு மாற்றாகாது. மேடேறும்போது சேணம் பின்னே போகாமல் தடுப்பது அதன் வேலை. உருள்வதை அது நிறுத்தாது.

ஆளின் பங்கும் உண்டு. தரையிலிருந்து ஒரு அங்கவடியில் தொங்கி ஏறுவதைவிட உயரமான மேடையிலிருந்து ஏறுவது மேல். ஒருவர் எதிர்ப்பக்க அங்கவடியை அழுத்திப் பிடித்தால் இன்னும் நல்லது. இரு அங்கவடிகளின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சேணம் எப்போதும் ஒரே பக்கம் போனால், குதிரையின் பின்னங்கால்களைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு எளிதில் படாத நொண்டல் அதற்குக் காரணமாகலாம் என்பதை லைன் கிரேவும் சூ டைசனும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வலியை மரக்கச் செய்ததும் சேணம் நேராகிவிட்டது.

உருண்ட குதிரையின் உடம்பு ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. ஐரோப்பாவில் வசந்தகாலப் பசும்புல் வந்ததும் பருத்து, குளிர்காலத்தில் இளைக்கும். வளைத்தால் வளைந்தபடி நிற்கும் அளவுக்கம்பியைத் தோள்மேட்டின் பின்னும் முதுகின் நடுவிலும் கடைசி விலாவின் அருகிலும் பதித்து, வளைவைத் தாளில் வரைந்து, தேதி குறித்து வைக்கும் சேணக்காரர்கள் உண்டு. அடுத்த பருவத்தில் புதுக்கோடு பழைய கோட்டைத் தாண்டியிருந்தால் மெத்தையின் கம்பளியைக் குறைக்கிறார்கள். மாற்றம் அதைவிடப் பெரிதாக இருந்தால், இன்னும் அகன்ற சட்டத்துக்குப் போகிறார்கள்.