ஊட்டி இ-பாஸ்: கணக்கும் கட்டுப்பாடும்

நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை 2024 மே 7 அன்று தொடங்கியது. கோடை முடிந்தால் இதுவும் முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜூன் 30 வரை என்றிருந்தது செப்டம்பர் வரை நீண்டது. பிறகு மறு உத்தரவு வரை என்றானது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை வரம்பும் வந்து சேர்ந்தது. இதைப் பற்றி ஊட்டியில் கேட்டால் இரண்டே கட்சிதான். காட்டேஜ் வைத்திருப்பவர் “பாஸை எடுத்துவிடுங்கள்” என்கிறார். சீசன் நெரிசலில் மணிக்கணக்காக பஸ்ஸுக்குள் மாட்டிக்கொள்ளும் குன்னூர்க்காரர் “இன்னும் இறுக்குங்கள்” என்கிறார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கணக்கெடுக்கும் கருவியாக இ-பாஸ் நல்ல வேலை செய்கிறது; கட்டுப்படுத்தும் கருவியாக அரைகுறையாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் சிக்கல்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு 2024 ஏப்ரல் 29 அன்று பிறப்பித்த உத்தரவின்படி வந்ததுதான் இந்த இ-பாஸ். சீசன் நாட்களில் தினமும் 20,000க்கும் மேற்பட்ட வண்டிகள் மலையேறுகின்றன என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குதான் அந்த உத்தரவுக்கு அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 7.35 லட்சம். சமவெளியிலிருந்து ஏறிவர முக்கியமான பாதைகள் இரண்டு: கல்லாறு, பர்லியாறு வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூர் வருவது ஒன்று, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி வருவது மற்றொன்று. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக மாற்றியும் வண்டிகள் நகராமல் நிற்கும் நாட்கள் உண்டு. அந்த வரிசையில் சுற்றுலாக் கார்கள் மட்டும் நிற்பதில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட் லாரி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஜீப், ஆம்புலன்ஸ் எல்லாமே நிற்கின்றன. எனவே ஏதாவது ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. அதை மறுப்பவர்கள் மே மாதத்தில் ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பைக் கடந்து பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

இ-பாஸின் பெரிய நன்மை கணக்கு. அதற்கு முன்பு, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் தாவரவியல் பூங்கா டிக்கெட் விற்பனையைக் காட்டுவதே வழக்கம். ஒரே குடும்பம் தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, சிம்ஸ் பூங்கா என்று மூன்று இடத்துக்கும் போனால் மூன்று முறை கணக்கில் ஏறிவிடும். பூங்காப் பக்கமே போகாமல் கோத்தகிரியில் ஒரு ஹோம் ஸ்டேயில் தங்கிப் போகிறவர் கணக்கிலேயே வரமாட்டார். இ-பாஸ் படிவமோ வண்டி எண், உள்ளே எத்தனை பேர், எந்த நாள் வருகிறார்கள், எந்த நாள் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்கிறது. குடிநீர், குப்பை லாரி, பார்க்கிங் எதைத் திட்டமிடவும் இதைவிட நல்ல தகவல் நீலகிரிக்கு இதுவரை கிடைத்ததில்லை. 2025 மே 25, 26 தேதிகளில் நீலகிரிக்குக் கனமழை ரெட் அலர்ட் விடப்பட்டதே, அப்படிப்பட்ட நாளில் மலைமேல் இருக்கும் ஒவ்வொரு வெளியூர் வண்டிக்கும் ஒரு செல்பேசி எண் பதிவில் இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

குறை சோதனைச்சாவடியில்தான் தொடங்குகிறது. கல்லாறில் சீசன் காலையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். முன்கூட்டியே பாஸ் எடுத்தவர் செல்பேசியை நீட்ட, ஊழியர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய, வண்டி நகர்ந்துவிடுகிறது. அதற்கடுத்த வண்டியில் பாஸ் இல்லை. டிரைவர் ஓரம் கட்டி, பின்சீட்டில் இருக்கும் கல்லூரிப் பெண்ணிடம் போனைக் கொடுக்கிறார். வண்டி எண் கேட்கிறது, ஓடிபி வரவேண்டும், சிக்னல் ஒரு கட்டை. பாட்டி தண்ணீர் கேட்கிறாள், பின்னால் ஹாரன் சத்தம். கடைசியில் ஊழியரே இறங்கி வந்து, தன் போனில் நெட்டைப் போட்டு, பாஸ் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார். 2024இல் எத்தனை பேருக்குப் பாஸ் என்று வரம்பே கிடையாது, கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. ஆக, அந்த ஆண்டு அது வெறும் வருகைப் பதிவேடு. நெரிசல் குறையவில்லையே என்று அப்போது அதைக் குறை சொன்னவர்கள், அது செய்யாத வேலைக்கு அதைத் திட்டினார்கள்.

2025 மார்ச் 13 அன்று நீதிமன்றம் எண்ணிக்கையை நிர்ணயித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அதே உத்தரவில் கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்து, உள்ளூர் வண்டி, விளைபொருள் ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு விலக்கு. இதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று வணிகர்கள் மாவட்டம் முழுக்கக் கடையடைத்தார்கள். சீசன் மூன்று மாத வருமானத்தை நம்பி வருடம் முழுக்க வாடகை கட்டுகிற சாக்லேட் கடைக்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் ஆட்சேபம் வேறு. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூர் ஐஐஎம்முக்கும் தரப்பட்டிருந்தது. அந்த ஆய்வு முடியும் முன்பே எண் வந்துவிட்டது, இடைக்கால ஏற்பாடு என்ற பெயரில். எண்ணும் வண்டிக் கணக்கில் இருக்கிறது, ஆள் கணக்கில் இல்லை. இரண்டு பேர் வரும் காரும் ஒரு வண்டி, பதினைந்து பேர் வரும் வேனும் ஒரு வண்டி. சாலையை அடைப்பது கார். வரம்போ இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. இது மாறாதவரை, கூட்டாகச் சேர்ந்து வருகிறவருக்கு இந்தப் பாஸ் எந்த ஊக்கமும் தரப்போவதில்லை.

இன்னொரு குறை, யார் உள்ளூர், யார் வெளியூர் என்பதை நம்பர் பிளேட் தீர்மானிப்பது. நீலகிரிப் பதிவான டிஎன் 43 என்றால் உள்ளூர், பாஸ் வேண்டாம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு படகர் இளைஞர், அங்கே வாங்கி அங்கேயே பதிவு செய்த காரில் தன் சமூகத்தின் ஹெத்தை பண்டிகைக்குத் தன் ஹட்டிக்கு, அதாவது கிராமத்துக்கு, வருகிறார். அவர் பிறந்த ஊரின் சோதனைச்சாவடியில் அவர் வெளியூர்க்காரர். ஆவணங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போய் உள்ளூர் பாஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள், சரிதான். ஆனால் லீவு போட்டு அலைய வேண்டியவர் அவர்.

டிஜிட்டல் ஏற்பாடு எங்கே தடுக்கி விழும் என்பது இந்த மலைக்கு ஏற்கெனவே தெரியும். ஊரடங்குக் காலத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது, எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளும் பழங்குடி கிராமத்துப் பிள்ளைகளும் சிக்னல் தேடி மேடு ஏறினார்கள். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பிறகு 2021இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, தன்னார்வலர்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். போன் எட்டாத இடத்துக்கு ஆள் போக வேண்டும் என்று அரசு அப்போது ஒப்புக்கொண்ட பாடம் சோதனைச்சாவடிக்கும் பொருந்தும். கல்லாறு, குஞ்சப்பனை மட்டுமல்ல, நாடுகாணி, பாட்டவயல், கக்கநல்லா என்று எல்லா எல்லைகளிலும் போன் இல்லாதவருக்கும் படிக்கத் தெரியாதவருக்கும் பாஸ் போட்டுத் தர நிரந்தரமாக ஆள் வேண்டும். ஊழியரின் நல்ல மனசை நம்பி ஒரு அரசு ஏற்பாடு ஓடக்கூடாது.

வழி சொல்லவும் இ-பாஸைப் பயன்படுத்தலாம். கார்க்காரர்களுக்கு மேப்தான் இப்போது வழிகாட்டி. 2024 ஜனவரியில் கூடலூரில் மேப் காட்டிய வழியில் போன வெளியூர்க் கார் ஒன்று குடியிருப்புப் படிக்கட்டில் இறங்கி நின்றுவிட்டது. கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதியில்லை என்பதும் எல்லா மேப்புக்கும் புரிவதில்லை. இ-பாஸ் வாங்கும் அதே திரையில் எந்த வழியாக ஏற வேண்டும், எந்த வழியாக இறங்க வேண்டும், வண்டியை எங்கே விட வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் சொல்லலாம். பாஸ் வைத்திருப்பவரிடம் பேச இவ்வளவு நல்ல வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

இ-பாஸில் சேரும் தகவலைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கானவர்களின் செல்பேசி எண், தங்கும் இடம், பயண நாள் எல்லாம் அரசின் மின்னாளுமை முகமையிடம் சேர்கின்றன. எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று பாஸிலேயே ஒரு வரி அச்சிடுவது பெரிய வேலையில்லை. பெயரும் எண்ணும் நீக்கிய மொத்தக் கணக்கை, எந்தத் தேதியில் எந்தச் சாவடி வழியாக எத்தனை வண்டி, எத்தனை பேர் என்று, மாதாமாதம் வெளியிடவும் வேண்டும். அது வெளியே வந்தால் காட்டேஜ்காரரும் குன்னூர்க்காரரும் ஒரே கணக்கை வைத்துச் சண்டை போடலாம்.

என்னைக் கேட்டால் பாஸ் இருக்கட்டும், வருடம் முழுக்க இருக்கட்டும். வரம்பை மட்டும் வண்டிக் கணக்கிலிருந்து ஆள் கணக்குக்கு மாற்ற வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவரை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. ஊட்டிக்குள் சீசனில் ஓடும் சுற்றுப் பேருந்துகளை மேட்டுப்பாளையத்திலிருந்தே தொடங்கி, வண்டியை அடிவாரத்தில் விட்டு வருகிறவருக்கு இ-பாஸ் வாங்கும் அதே திரையில் டிக்கெட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்குத் தேவையான பஸ்ஸும் நிறுத்துமிடமும் மேட்டுப்பாளையத்தில் முதலில் தயாராக வேண்டும். அடுத்த ஏப்ரலுக்குள் அந்த வேலை நடக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கப் போகிறேன்.